கைமாறிய டப்பா

டிபன் டப்பாவைத் திறந்ததுமே மேனேஜரின் முகம் தொங்கிப்போயிற்று. முளைகட்டிய பயறும் கேரட் துருவலும்!

"சத்தாம், நார்ச்சத்தாம்! நான் என்ன முயலா?" என்று எதிரே இருந்த ஒல்லிக் கேஷியரிடம் அதைத் தள்ளினார். "வழக்கம்போல மாத்திக்கலாமாய்யா?"

"உங்களுக்காக இதுகூடச் செய்ய மாட்டேனா சார்?" கேஷியர் தன் டப்பாவை நீட்டினார். உள்ளே மொறுமொறு கட்லெட்.

"ஆஹா! இதைச் செஞ்ச கைக்குத் தங்க வளையலே போடணும்யா!"

அன்று மாலை, ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், "சர்க்கரை நல்லாக் குறைஞ்சிருக்கே! சாப்பாட்டை இப்படியே விடாமப் பிடிச்சுக்குங்க" என்றார்.

மேனேஜருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, "எல்லாம் இவ குடுக்கிற பயறோட மகிமை டாக்டர்" என்று மனைவியைக் காட்டினார்.

மறுநாள் காலை அவர் குளியலறையில் பாடிக்கொண்டிருந்தபோது, கேஷியர் வந்து வாசலில் நின்றார். மேனேஜரின் மனைவி ஒரு டப்பாவை அவர் கையில் கொடுத்தாள்.

"இந்தாங்க தம்பி, அவரோட கட்லெட். அதே பயறு, அதே கேரட், கொஞ்சம் ஓட்ஸ். அரைச்சு, எண்ணெய் காட்டாமச் சுட்டிருக்கேன்."

"இதைச் செஞ்ச கைக்குத் தங்க வளையல் போடணும்னு சார் நேத்துச் சொன்னாரு, அக்கா."

"போடட்டுமே, நானா வேணாங்கிறேன்? டப்பா மாத்துறதை நீங்க வந்து போட்டுக் குடுத்ததுக்குக் கூலி அவர் பையில இருக்கிற டப்பாவுல இருக்கு. மேலாகத்தான் பயறு. அடியில உங்க உருளைக்கிழங்கு வறுவல்."

"சார் என்னைக்காவது கிளறிப் பார்த்துட்டா?"

"காய்கறியைக் கிளறிப் பார்க்கிற மனுஷனா இருந்தா, இத்தனை நாடகம் எதுக்கு தம்பி?"