மாடியறைக்காரர் எழுதிய கதை

"இந்த ஆள இன்னைக்கே படகுல ஏத்தி அனுப்பணும்! ஆமாங்கறவங்க கையத் தூக்குங்க!"

தலைவர் ஹைரம் சொல்லி முடிப்பதற்குள் மீனவர் ஓபத் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார்.

"ஒரு ஆளுக்கு ஒரு கைதான் ஓபத். ரெண்டையும் இறக்கு, இன்னும் விசாரணையே முடியல."

அமெரிக்காவின் மேய்ன் கடலோரத்தில் இருக்கும் எங்கள் தீவில் வேலித் தகராறு முதல் பாதிரியார் சம்பளம் வரை எல்லாம் ஊர்க்கூட்டத்தில் கை தூக்கித்தான் முடிவாகும். அன்று கூண்டில் நிற்காத குறையாக நின்றவர் பெல். கடற்காற்றுதான் மருந்து என்று டாக்டர் சொல்லி, செப்டம்பர் வரை தங்க வந்தவர். மெர்சி என்கிற விதவையின் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தார்.

ஊர் எழுத்தர் கெசையா பாஸ்டன் பத்திரிகையை விரித்தாள். அதில் வந்திருந்த கதைக்குக் கீழே எழுதியவர் பெயர் இல்லை. ஏற்ற இறக்கத்தோடு நன்றாகவே வாசித்தாள்.

"'நான் கோடைக்கு அந்தத் தீவுக்குப் போனேன். ஒரு விதவை வீட்டு மாடியில் தங்கினேன். அவள் வைக்கும் மீன் சூப்பில் மீனைத் தவிர எல்லாம் இருந்தது.'"

"அடப்பாவி, என் சூப்பையா?" என்று அலறினாள் மெர்சி.

"'பக்கத்து வீட்டுக்காரர் சிங்கி இறால் பிடித்ததைவிடக் கதை அளந்ததுதான் அதிகம்.'"

"அது நான்தான்!" என்று எழுந்தார் ஓபத்.

"பேரே போடலையே, சார்," என்றார் பெல்.

"பேர் எதுக்குய்யா? ஊருக்கே தெரியும்!"

"'ஊர் எழுத்தர் மட்டும் அழகும் அறிவும் உள்ளவள்.'" வாசித்த கெசையாவின் முகம் சிவந்துவிட்டது.

"ஓகோ! ஐயாவுக்கு நம்ம கெசையா மேல ஒரு கண்ணு!" என்று பின்வரிசையில் ஒரு குரல். கூடமே சிரித்தது.

பெல்லுக்குச் சிரிப்பு வரவில்லை. "சத்தியமா நான் எழுதல. நான் தோல் வியாபாரி. வீட்டுக்கு லெட்டர் போடவே எனக்குக் கை வராது."

"'நான்'னு கொட்டை எழுத்துல இருக்கே! ஏம்மா மெர்சி, உன் மாடியில எத்தன பேரு?" என்று கேட்டார் ஹைரம்.

"இவர் ஒருத்தர்தான். அந்தச் சூப்ப ரெண்டு தடவ வாங்கிக் குடிப்பாரு. அதான் என் வயிறு எரியுது."

கெசையா பேனாவை மையில் தோய்த்தாள். "மிஸ்டர் பெல், இப்ப உங்க மனசுல என்ன ஓடுது? மெதுவா சொல்லுங்க, குறிப்பேட்டுல ஏத்தணும்."

"அநியாயமா இருக்கு. ஒரு பாவமும் அறியாதவன் நான்."

"ஒரு பாவமும் அறியாதவன்... ம், அப்புறம்?"

"அப்புறம் என்ன? இனி எந்த ஊர்லயும் மாடியறை எடுக்க மாட்டேன்."

கைகள் உயர்ந்தன. மெர்சியின் கை பாதியில் தயங்கி, சூப்பை நினைத்ததும் முழுசாக மேலே போனது. மாலைப் படகில் பெல் பெட்டியோடு ஏறினார். பார்க்கவே பாவமாக இருந்தது. துறையில் நின்ற ஒருவர்கூடக் கையசைக்கவில்லை.

கெசையா வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டாள். வெள்ளைத்தாளை எடுத்து, அதே பத்திரிகைக்குத் தன் இரண்டாவது கதையை எழுத ஆரம்பித்தாள்: "ஒரு பாவமும் அறியாத என்னை அந்தத் தீவுக்காரர்கள் அன்று மாலைப் படகில் ஏற்றி அனுப்பினார்கள்."