மெட்ராஸ் பாஷையில் ஒரு மறுப்பு

சாருலதா மகேஷின் போனை வாங்கிக்கொண்டு பெஞ்சில் நிழல் இருந்த முனைக்கு நகர்ந்தாள்.

மந்தைவெளி ரயில் நிலையத்துக்குக் கீழே டீக்கடையில் காலைக் கூட்டம். மகேஷ் இரண்டு டீ வாங்கி வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தான்.

“ம், ஆரம்பி. நல்லா ஏத்தி இறக்கிப் படிக்கணும். நேத்து நான் உனக்குப் படிச்ச மாதிரி.”

இது அவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு. இருவரும் அரசியல் அறிவியல் எம்.ஏ.வை ஒரே வகுப்பில் முடித்தவர்கள். முனைவர் பட்டத்துக்கு அமெரிக்காவில் அதே பல்கலைக்கழகங்களுக்குச் சேர்ந்தே விண்ணப்பித்தவர்கள். அங்கே பகலில் அனுப்புகிற மெயில் இங்கே தூக்கத்தில் வந்து சேரும். யாருக்கு வந்ததோ அவர் அதைத் திறக்கக் கூடாது. காலையில் மற்றவர் திறந்து, மெட்ராஸ் பாஷையில் படித்துக் காட்ட வேண்டும்.

முதல் மறுப்பு வந்த அன்று சாருலதா இதே பெஞ்சில் அழுதாள். அவளைச் சிரிக்கவைக்க மகேஷ் கண்டுபிடித்தது இது.

பங்குனி பிறப்பதற்குள் வேடிக்கை தீர்ந்துபோனது. எல்லாப் பல்கலைக்கழகமும் ஒரே ஆளைக் கூலிக்கு வைத்து எழுதியது போல ஒரே கடிதம். இந்த ஆண்டு விண்ணப்பங்களின் தரம் மிக உயர்ந்திருந்ததாம். முடிவெடுப்பது கடினமாக இருந்ததாம். சுலபமாக இருந்தது என்று ஒரு இடத்திலிருந்தாவது உண்மையை எழுதக் கூடாதா என்று அவளுக்குத் தோன்றும்.

வீட்டில் அதைவிட மோசம். “பொலிட்டிகல் சயின்ஸ்னா, எந்தக் கட்சில சேரப் போறே?” என்று அத்தை நேற்றும் கேட்டாள். ஆறு மாதமாக இதே கேள்வி.

மகேஷின் அப்பா அய்யாதுரைக்குத் தி. நகரில் ஜவுளிக்கடை. மகன் ஆராய நினைப்பது வணிகர் சங்கத் தேர்தல்களை. “அதுக்கு எதுக்குலே அமெரிக்கா? கல்லாவுல வந்து உக்காரு, தன்னால தெரியும்” என்பார். எங்கேயும் கிடைக்காவிட்டால் சித்திரை முதல் தேதி கடைக்கு வந்துவிட வேண்டும் என்று பேச்சு.

விண்ணப்பக் கட்டுரைகளைக் கோட்டூர்புரம் நூலகத்தில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் திருத்திக்கொண்டார்கள். மகேஷின் கட்டுரையில் பாதி வாக்கியங்கள் அவள் எழுதியவை.

இது கடைசிப் பல்கலைக்கழகம். அவளுக்கு அங்கிருந்து நேற்றே மறுப்பு வந்துவிட்டது. மகேஷ் எழுந்து நின்று, கையை ஆட்டி ஆட்டிப் படித்தான். டீ மாஸ்டர்கூடச் சிரித்தார். அவளும் சிரித்தாள். வீட்டுக்குப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இன்று அவனுக்கு வந்திருக்கிறது.

அவள் மெயிலைத் திறந்தாள்.

“இன்னா, நெட் இல்லையா?”

“இரு. நீளமா எழுதியிருக்கான்.”

திரையைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டு தொண்டையைச் செருமினாள்.

“நைனா மகேஷு. உன் அப்ளிகேசன் வந்துச்சு. அல்லாரும் குந்திக்கினு படிச்சோம். சோக்கா கீது. ஆனா இந்த வாட்டி வந்ததுங்க அல்லாமே சோக்கா கீது. நாங்க இன்னா பண்றது? சீட்டு கொஞ்சம்தான் இருக்கு.”

“கீது,” என்று திருத்தினான் மகேஷ். “பாரு, மயிலாப்பூர் எட்டிப் பாக்குது.”

“கொஞ்சம்தான் கீது. அத்தொட்டு நீ வேற எடம் பாத்துக்க. மன்சுல வெச்சுக்காத. போறப்ப வண்டி பாத்துப் போ.”

அவன் சிரித்தான். வழக்கத்தைவிடச் சத்தமாக. பிறகு கிளாஸில் மிச்சமிருந்த டீயைச் சுழற்றிக்கொண்டிருந்தான். மேலே ரயில் வந்து நின்று கிளம்பியது.

அவளுக்கு எரிச்சல் பொங்கியது. அந்தப் பல்கலைக்கழகத்தின் மேல். அத்தையின் மேல். எல்லாவற்றையும் கூத்தாக்கிய இவன் மேல். சிரித்தால் வலிக்காது என்று இவனுக்கு யார் சொன்னது?

“விடு சாரு,” என்றான். “ரெண்டு பேருக்கும் ஒரே எடத்துல ஆப்பு. உன்ன உட்டுட்டு நான் மட்டும் போயி அங்க என்ன கிழிக்கப் போறேன்? கடைக்கு வரேன்னு அப்பாகிட்ட இன்னிக்கே சொல்லிடறேன். நீ அத அழிச்சுடு.”

படித்துக் காட்டியவரே அழித்துவிட வேண்டும் என்பதும் ஏற்பாடு. யாருக்கு வந்ததோ அவர் அதை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக.

குப்பைத்தொட்டிப் படத்தின் மேல் அவள் கட்டைவிரல் நின்றது.

அதற்குக் கீழே மெயிலின் முதல் சொல், வாழ்த்துகள்.

விரலை எடுத்துவிட்டுப் போனை அவன் மடியில் வைத்தாள்.

“நான் சொன்னது நேத்து எனக்கு வந்தது. மனப்பாடம் ஆயிடுத்து. இது உன்னோடது, நீயே படி.”

அவன் குனிந்து படித்தான். முதல் வரியிலிருந்து மறுபடி படித்தான். நிமிர்ந்தபோது அவன் முகம், ஏதோ தவறு செய்து மாட்டிக்கொண்டவனின் முகமாக இருந்தது.

அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

“அப்படிப் பாக்காத,” என்றாள். “போய் இன்னொரு டீ சொல்லு. சக்கர தூக்கலா.”