செந்நாகம்

மிங்ஷூ பொத்தானை இன்னும் ஒரு விரல் தள்ளி வைத்து ஊசியை இறக்கினாள்.

"மூச்சு விடாம நில்லு. குத்திடப் போகுது."

"மூச்சை அடக்கறதை விட்டா இந்த மடத்துல நமக்கு வேற என்னக்கா வேலை?" என்றாள் யாவ்லின்.

முற்றத்தில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உரிக்க வேண்டிய அவரை கூடையில் அப்படியே கிடந்தது. யாவ்லினின் நீல அங்கியில், பொத்தான் முன்பு இருந்த இடங்களில் எல்லாம் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. கையும் கழுத்தும் குச்சியாகிவிட்டன. வயிறு மட்டும் வளர்ந்துகொண்டிருந்தது.

அந்த மலையில், தாவோ நெறிப் பெண்துறவிகளின் சாதனை குருதியில்தான் தொடங்குகிறது. மார்பின் மேல் கைகளைக் குறுக்கே வைத்து உட்கார்ந்து, மூச்சை அடிவயிறு வரை இறக்க வேண்டும். மாதந்தோறும் வீணாய்ப் போகும் குருதியை உயிர்மூச்சாக்கி மேலே ஏற்ற வேண்டும். ஒரு நாள் மாதவிலக்கு நின்றுவிடும். செந்நாகத்தின் தலை விழுந்தது என்பார்கள். அதன்பின் அந்த மூச்சே வயிற்றில் திரண்டு கருவாகும். உடம்பு செத்தாலும் சாகாத கரு.

யாவ்லின் மடத்துக்கு வந்த மறு வருடமே நாகத்தின் தலை விழுந்தது.

அன்று மடத்தின் தலைவியான பெரியம்மா தன் கையாலேயே மாவு பிசைந்து நீள நூடுல்ஸ் இழுத்தாள். பிறந்தநாளுக்குச் செய்வது. இழை அறுந்தால் ஆயுள் அறும் என்று, பல் படாமல் ஒரே உறிஞ்சாக உறிஞ்சி, மூக்கில் சாறு தெறித்துச் சிரித்தாள் யாவ்லின்.

மிங்ஷூவும் சாப்பிட்டாள். அவளுக்கு ருசி தெரியவில்லை.

யாவ்லின் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே சாதனையில் உட்காருகிறவள் அவள். அவளுடைய நாகம் மாதம் தவறாமல் தலைகாட்டியது. அந்த நாட்களில் அவள் சன்னதியில் ஊதுவத்தி ஏற்றுவதில்லை. துணிகளை விறகுக் கொட்டகைக்குப் பின்னால், பழைய சாக்கின் அடியில் உலர்த்துவாள். பெரியம்மா திட்டமாட்டாள். "இன்னும் வருதா?" என்று மட்டும் கேட்பாள், நோயாளியைக் கேட்பது போல.

யாவ்லினுக்குப் பசி போனது. தானியத்தை உடம்பு கைவிடுகிறது என்றாள் பெரியம்மா. உடம்பு மெலிந்தது. இலேசாகிறது என்றாள். வயிறு திரண்டபோது உள்ளங்கையை அதன் மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, "தங்கிடுச்சு" என்றாள்.

"கீழ தேயிலை பறிக்கிற பொம்பளைங்க என்ன கேட்டாங்க தெரியுமாக்கா?" என்றாள் யாவ்லின். "மேல் மடத்துச் சாமியாருங்கள்ல எவன்டி அப்பன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"உள்ள இருக்கறதும் நானேதான்னு சொன்னேன். கூடையைக் கீழ போட்டுட்டுச் சிரிக்கறாளுங்க."

மிங்ஷூவுக்கும் சிரிப்பு வந்தது. யாவ்லின் சட்டென்று குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, ஒரு பக்கமா இழுத்துப் பிடிக்குது. கரு வளந்தா அப்படித்தான் இருக்குமா?"

மிங்ஷூ நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"என்னைக் கேட்டா? நான் அவ்வளவு தூரம் போனவளா?"

யாவ்லின் பொத்தானைப் போட்டுக்கொண்டு, அவரைக் கூடையை எடுக்கக் குனிந்தாள்.

குனிந்தவள் நிமிரவில்லை.

நகரத்து ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருத்தி ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கட்டி சினைப்பையில் தொடங்கி வயிறு முழுக்கப் பரவி, நீர் கோத்திருந்தது.

"விலக்கு நின்னு எவ்வளவு நாளாச்சு?"

பெரியம்மா சொன்னாள்.

"நின்னப்பவே ஏன் கூட்டிட்டு வரலை?"

பெரியம்மா இரண்டு கைகளையும் அங்கியின் கைகளுக்குள் இழுத்துக்கொண்டாள். மிங்ஷூ சுவரைப் பார்த்தாள். மூக்கில் தெறித்த சாறு நினைவுக்கு வந்தது.

மழைக்காலத்துக்கு முன்பே யாவ்லின் போய்விட்டாள். வயிற்றிலிருந்த நீரையெல்லாம் ஆஸ்பத்திரியில் வடித்திருந்தார்கள். அங்கி அவள் மேல் தொளதொளவென்று கிடந்தது. மிங்ஷூ பொத்தானைப் பிரித்து, முதல் துளை இருந்த இடத்திலேயே திரும்பத் தைத்தாள். இந்த முறை மூச்சை அடக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கரு உச்சந்தலை வழியாக வெளியேறிவிட்டது என்று, அடக்கத்துக்கு வந்தவர்களிடம் பெரியம்மா சொன்னாள். யாரும் மறுக்கவில்லை. தேயிலைக்காரப் பெண்கள் தலைகுனிந்து நின்றார்கள்.

அதற்குப் பிறகு ஒரு காலை, மிங்ஷூ இடுப்பு கனக்க எழுந்தாள். சன்னதிப் பக்கம் போகவில்லை. கிணற்றடியில் துணியை அலசினாள். கொட்டகையைத் தாண்டி நடந்து முற்றத்துக்கு வந்தாள். முன்பு யாவ்லினின் அங்கி காய்ந்த கொடியில், நடு வெயிலில், துணியை விரித்துப் போட்டாள்.

சொட்டும் சத்தம் கேட்டுப் பெரியம்மா வெளியே வந்தாள். கொடியைப் பார்த்தாள். உதடுகள் பிரிந்தன, கேள்வி வரவில்லை.

"வருது, பெரியம்மா," என்றாள் மிங்ஷூ.