சீமெந்து விலை

தவக்காலம் தொடங்கிப் பத்தாவது நாளே ஜூலியன் சேருக்கு மாட்டிறைச்சி ஆசை வந்துவிட்டது. நாற்பது நாளும் இறைச்சி தொடுவதில்லை என்று மனைவியோடு சேர்ந்து கோயிலில் நேர்ந்தவர்.

“எமிலி, உடம்பு கேக்குது.”

“உடம்பு கேக்கத்தான் செய்யும். ஆவிதான் ஏலாது எண்டு சொல்ல வேணும். பயித்தங்காய்க் கறி இருக்கு, சாப்பிடுங்க.”

“பசியில்ல. ஏறாவூருக்குப் போய் சீமெந்து விலை கேட்டுட்டு வாறன்.”

முஸ்லிம் ஊரான ஏறாவூரில் கோயில் ஆட்கள் கண்ணில் படமாட்டார்கள். நஸார் நானாவின் மாட்டிறைச்சிப் புரியாணிக் கடை முன்னால் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். கதவு பாதி சாத்தியிருந்தது.

“என்ன நானா, கடை இல்லையா?”

“றமழான் நோன்பெல்லுவா சேர். ஆறரைக்குப் பிறகுதான் சாப்பாடு.”

பட்டினி கிடக்கிற மனிதரிடம் போய்ப் புரியாணி கேட்டது ஜூலியனுக்கு வெட்கமாகிவிட்டது. எப்படியோ ஆவி வென்றுவிட்டது என்று வண்டியைத் திருப்பினார்.

“சேருக்கும் ஒரு பார்சல் வைக்கட்டா? எமிலி டீச்சர் ஒண்டு சொல்லியிருக்கா. சேருக்குத் தெரியப்படாதாம்...” நானா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஜூலியன் வண்டியை மறுபடி நிறுத்தினார்.

“பார்சல் வேணாம் நானா. இங்கயே சாப்பிட ரெண்டு கோப்பை வையுங்க. ஆறரைக்கு ரெண்டு பேரும் சீமெந்து விலை கேக்க வாறம்.”