அண்ணன் கேட்ட எல்லை

“எல்லைக் கோட்டைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிப் போடும்மா. வீடு பக்கத்து நாட்டுக்குப் போயிடக் கூடாது,” என்று அண்ணன் கெஞ்சினார்.

இரு நாட்டு எல்லைக் குழுவில் வரைபடம் போடுபவள் நான். அப்பா இறந்த வாரமே என்னை அந்த வீட்டைவிட்டு விரட்டியவர் அவர்.

“வீடு நம்ம நாட்டுல இருக்கணும், அவ்வளவுதானே?”

“போதும்மா. பழசை மனசுல வச்சுக்காதே.”

“இல்லண்ணா.”

வீட்டுக்கு அரை மைல் முன்னால், நம் பக்கமாக ஓடிய கோட்டை, குழுவிடம் வாதாடி, வீட்டின் பின்சுவரை ஒட்டிக் கொண்டுவந்தேன். அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார்.

இரண்டு மாதம் கழித்துப் போனில் கதறினார்.

“வீட்டை இடிக்க வந்திருக்காங்க. எல்லைக்கு ரெண்டு பக்கமும் நூறு மீட்டருக்குக் கட்டடமே இருக்கக் கூடாதாம். கோடு பழைய இடத்துலயே இருந்திருந்தா வீடாவது மிஞ்சியிருக்கும். இந்த விதி உனக்குத் தெரியாதா?”

“தெரியும்ணா. எழுதினதே நான்தான்.”