மாப்பிள்ளை போட்ட பூட்டு

“இன்னைக்கு ஒரு நாளைக்காவது வாயத் திறக்காம இரும்மா. கார் வந்து நின்னுடுச்சு.”

கனகசுந்தரம் ஜன்னல் திரையை விட்டுவிட்டு மகளைப் பார்த்தார். அருந்ததி சமர்த்தாகத் தலையை ஆட்டினாள். அந்த ஆட்டலை அவர் துளியும் நம்பவில்லை.

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் அவளுக்கு வேலை. வெளியாள் உள்ளே நுழைய எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். வேலையை வேலை இடத்தோடு விட்டுவிட்டு வருகிற பெண்ணாக இருந்தால், கனகசுந்தரம் இந்நேரம் பேரப்பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிக்கொண்டிருப்பார். போன தடவை வந்த ஈப்போ மாப்பிள்ளை தன் கைத்தொலைபேசியின் முதுகில் பாஸ்வேர்டை எழுதி ஒட்டியிருந்தார். அதைச் சபையில் வைத்து எடுத்துச் சொன்னாள். அப்புறம் ஈப்போவிலிருந்து சத்தமே இல்லை.

இரண்டு மாதத்துக்கு முன்பு இந்த யோகநாதனின் ஜாதகம் வந்தபோது மட்டும், இரண்டு நாள் கழித்து ஏனோ மறுபேச்சில்லாமல் “வரச் சொல்லுங்கப்பா” என்றிருந்தாள். இதுவும் கைநழுவிப் போனால் இன்னொரு வீட்டுக்கு ஜாதகம் அனுப்பத் தனக்குத் தெம்பில்லை என்று அவருக்குத் தெரியும். தாயில்லாத பெண் வேறு.

மாப்பிள்ளையும் அவன் தாய் கமலாம்பிகையும் வந்து உட்கார்ந்தார்கள். கேசரித் தட்டு கைக்கு வந்ததும் கமலாம்பிகை ஆரம்பித்தார்.

“நம்ம ஆளுங்க கல்யாணத்துக்குன்னு இண்டர்நெட்ல ஒரு வெப்சைட் வந்திருக்கே, அது யாரு செஞ்சதுன்னு நினைக்கிறீங்க? இவன்தான்லா. சம்பளம், போட்டோ, வீட்டு நிலவரம் எல்லாம் அதுல கிடக்கு. வெளியாள் ஒருத்தரும் எட்டிப் பார்க்க முடியாது.”

யோகநாதன் தாயைத் தடுக்கவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, “உண்மைதான் அங்கிள். நான் போட்ட பூட்ட யாராலயும் திறக்க முடியாது,” என்றான். சொன்னது அவரிடம், பார்த்தது அருந்ததியை.

நல்ல பையனுக்கு இந்தப் பீற்றல் எதற்கு என்று கனகசுந்தரம் நினைத்துக்கொண்டார். மகளுக்குக் கண் ஜாடை காட்டினார். அவள் இந்தப் பக்கம் திரும்பினால்தானே.

“அந்த வெப்சைட்ல உங்க பக்கத்த இப்பவே திறந்து காட்டவா?” என்றாள்.

“திறங்க பார்ப்போம்,” என்றான் அவன்.

கூடத்து மூலையில் கணினி இருந்தது. அந்த வீட்டுக்கு இண்டர்நெட் வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. மோடம் கீச்சிட்டுக் கத்தி அடங்கியது. அருந்ததி அவன் பெயரைத் தட்டினாள். பாஸ்வேர்ட் மறந்தவர்களுக்கென்று இருந்த இடத்தை அழுத்தினாள். அடையாளத்துக்காகத் திரை ஒரே ஒரு கேள்வி கேட்டது: உங்கள் நட்சத்திரம் என்ன?

“அப்பா, இவர் ஜாதகத்துல என்ன நட்சத்திரம்?”

“அனுஷம்,” என்று சொல்லிவிட்ட பிறகுதான் கனகசுந்தரம் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவ்வளவுதான். யோகநாதனின் சம்பளத்திலிருந்து சித்தப்பாவின் வேலை வரைக்கும் திரையில் வந்து நின்றது.

“ஜாதகம் போன வீட்டுக்கெல்லாம் நட்சத்திரம் தெரியும்,” என்றாள் அருந்ததி. “கோயில்ல அர்ச்சனைக்கு ஐயர் கேக்கிறப்ப நாமளே ஊரு கேக்கச் சொல்றோம். அதப் போயி ரகசியம்னு வச்சா எப்படி? ஒரு பொண்ணோட பக்கத்த எவனாவது இப்படித் திறந்தா அந்த வீட்டுக்காரங்க கதி என்ன?”

கமலாம்பிகை கேசரித் தட்டைக் கீழே வைத்தார். “வீடு தேடி வந்தவன இப்படியா அவமானப்படுத்துறது? எழுந்திரு தம்பி, போகலாம்.”

மன்னிப்புக் கேட்கத்தான் கனகசுந்தரம் எழுந்தார். வாயில் வந்தது வேறு.

“அக்கா, நீங்க கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல. என் மக தப்பா ஒண்ணும் சொல்லல. எத்தனையோ வீட்டுப் பொம்பளப் பிள்ளைங்க மானம் அதுக்குள்ள கிடக்கு. அதக் காப்பாத்தத் தெரிஞ்ச பிள்ளையத்தான் நான் பெத்திருக்கேன். இந்தச் சம்பந்தம் போனா போகட்டும்.”

சொன்ன பிறகு அவருக்கே வியப்பாக இருந்தது. இத்தனை நாளும் மறைத்துப் பேசிய மகளின் வேலையை நினைத்து முதல் தடவையாக அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அருந்ததி கண் கலங்கி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யோகநாதன் எழுந்திருக்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தான்.

“உக்காருங்கம்மா. ரெண்டு மாசத்துக்கு முன்ன யாரோ இதே மாதிரி என் பக்கத்துக்குள்ள புகுந்தாங்க. எப்படிப்பட்ட பொண்ணு வேணும்னு கேக்கிற இடத்துல, ‘முதல்ல பூட்டச் சரி பண்ணுங்க’ன்னு எழுதி வச்சிட்டுப் போயிட்டாங்க. அன்னைக்கே நட்சத்திரக் கேள்விய எடுத்துட்டு எல்லாரு பக்கத்தையும் சரி பண்ணிட்டேன்.”

“சரி பண்ணுனதத்தான் நானும் பார்த்தேனே,” என்றாள் அருந்ததி. “இன்னைக்குக் காலையில உங்க பக்கம் மட்டும் ஏன் மறுபடியும் திறந்து கிடந்துச்சு?”

“என் ஜாதகம் போன ஏதோ ஒரு வீட்டுலதான் அந்த ஆள் இருக்கணும். அதான் பொண்ணு பார்க்கப் போறப்பெல்லாம் அதத் திறந்து வச்சிட்டுப் போயி பெருமை பேசிப் பார்த்தேன்,” என்ற யோகநாதன், கீழே இருந்த தட்டைத் தாயின் கையில் மறுபடியும் எடுத்துக் கொடுத்தான். “இதுக்கு முன்ன நாலு வீட்டுல கேசரி மட்டும்தான் கிடைச்சுச்சு.”