குடும்பத்தில் ஒருவர்

“கட்டி உங்களுக்கா, உங்க அம்மாவுக்கா?” என்று கேட்டார் ஆஸ்பத்திரியின் காப்பீட்டு அலுவலர்.

“கட்டி எனக்குத்தான். அம்மாங்கறதுதான் தப்பு. நான் இவளுக்கு மாமியார்,” என்றார் இரண்டு பெண்களில் மூத்தவர்.

“பெத்த பொண்ணோட சண்டை போடற மாதிரில்ல போட்டுக்கிட்டு வந்தீங்க!”

“லிஃப்டை வெச்சுக்கிட்டு படியில ஏறுவேன்னு அடம் பிடிச்சா, சண்டை போடாம என்ன செய்யறது சார்?” என்றாள் மருமகள்.

“ஏண்டி, அந்தப் பெட்டி நடுவுல நின்னுபோச்சுன்னா நீயா வந்து தள்ளுவ?”

அலுவலர் சிரித்துக்கொண்டே மருமகளின் கார்டு எண்ணைக் கணினியில் தட்டினார். அவள் தபால் ஊழியர். அரசுக் காப்பீட்டில் பெண் ஊழியர்கள் தங்கள் பெற்றோரையோ கணவனின் பெற்றோரையோ, ஒரு தரப்பை மட்டும் சேர்க்கலாம். அவளுடைய அம்மாவுக்கு அண்ணனின் கார்டு இருந்தது. அதனால் கல்யாணமான வருடமே மாமியாரைத் தன் கார்டில் சேர்த்திருந்தாள்.

“குடல்ல புத்துநோய் சார். வியாழக்கிழமை ஆபரேஷன்னு டாக்டர் சொல்லியிருக்கார். இந்தக் கார்டு இல்லேன்னா எங்களால முடியவே முடியாது.”

“பையன் வரலியா?”

“அவர் வேலையா வெளியூர்ல இருக்கார்,” என்றாள் மருமகள்.

“வந்தா மட்டும் என்ன கிழிக்கப் போறான்?” என்றார் மாமியார்.

விளக்கம் சொல்வதென்றால் அலுவலருக்குக் கொண்டாட்டம். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஸ்கேனையும் சதை எடுத்துப் பார்த்த ரிப்போர்ட்டையும் நான் இன்ஷூரன்ஸுக்கு அனுப்புவேன். அங்க இதுக்குன்னே ஒரு டாக்டர் இருக்கார். இந்தக் கட்டிக்கு இந்த ஆபரேஷன்தான் சரியான்னு பார்த்துட்டு அனுமதி குடுப்பார். அது வந்தாதான் தியேட்டர்ல உங்க இடம் உறுதி. அப்புறம் நீங்க பையில கைவைக்கவே வேண்டாம்.”

“அனுமதி வந்தப்புறம் எங்க குடும்ப விவரத்துல ஏதாவது மாறினா?”

“என்ன மாறும்? வீட்டு அட்ரஸா?”

“அந்த மாதிரிதான்.”

“அட்ரஸ் தாராளமா மாறலாம். உறவு மாறக்கூடாது. ஏன்னா, ஆபரேஷனோட இது முடியறதில்லம்மா. அப்புறம் ஊசி மருந்து ஏத்தணும். ஒவ்வொரு தடவைக்கும் தனித்தனியா அனுமதி கேக்கணும். ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் முதல்ல கேக்கறது ஒரே கேள்விதான். இவங்க இன்னும் இந்த ஊழியரோட குடும்பத்துல இருக்காங்களா? ஆமான்னு பதில் வந்தாதான் அடுத்த பக்கமே திறக்கும்.”

“இல்லேன்னு வந்தா?”

“மருந்து அங்கேயே நின்னுடும். உங்களுக்கு எதுக்கு அந்தக் கவலை? மாமியார் எங்க ஓடிப்போயிடப் போறாங்க?”

அவர் சிரித்தார். மாமியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“மருந்து எத்தனை நாளைக்கு சார்?”

“ஆறு மாசம் ஆகும்.”

“ஆறு மாசம்,” என்று அவள் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, “சரி சார், அனுப்பிடுங்க,” என்றாள்.

மதியத்துக்குள் அனுமதி வந்துவிட்டது. செய்தியைச் சொல்ல அலுவலரே எழுந்து வந்தார். “வியாழக்கிழமை ஆபரேஷன் உறுதிம்மா. இப்படி ஒரு மருமக கிடைக்க உங்க பையன் குடுத்து வெச்சிருக்கணும்.”

மாமியார் மருமகளின் தலையை ஒரு தரம் தடவிவிட்டு, ரத்தம் எடுக்க நர்ஸின் பின்னால் போனார்.

கதவு சாத்தும் வரை பார்த்துக்கொண்டு நின்ற மருமகள், போனை எடுத்தாள்.

“வக்கீல் சார், நாளைக்கு வர்ற என் விவாகரத்து கேஸை எப்படியாவது தள்ளிப் போடுங்க. இல்ல சார், மனசெல்லாம் ஒண்ணும் மாறல. எங்க அத்தைக்கு மருந்து முடியற வரைக்கும் அந்த ஆளுக்குப் பொண்டாட்டியா இருந்து தொலைக்கிறேன்!”